பெயிண்ட் ஒட்டாத வட்டம்

தின்னர் டப்பாவின் மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தேன். அவ்வளவுதான். ஏ.எஸ்.ராவ் நகரின் ஒரு சனிக்கிழமைக் காலையிலிருந்து நாற்பது வருஷம் பின்னால் போய் விழுந்தேன்.

அது அப்பாவின் வாசனை.

அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெயிண்டர். சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அவருடைய சட்டை நுழைந்துவிடும் – மூக்கின் உச்சியில் போய்க் குத்தும் நெடி. அம்மா முகத்தைச் சுளிப்பாள். எனக்குப் பிடிக்கும். ரயில் பெட்டிகள் புதுசாகிற வாசனை அது என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் வீட்டின் முன்னறைச் சுவரில் ஓர் ஈரம் இருந்தது. உள்ளே எங்கோ குழாய் கசிவு. சுவரை உடைத்தால்தான் சரியாகும். உடைக்க யாருக்கு மனசு வரும்? ஒவ்வொரு பொங்கலுக்கும் அப்பா அந்த இடத்தில் ஒரு கோட் அடிப்பார். போகியன்று சுவர் பளிச்சென்று இருக்கும். உகாதிக்குள் ஈரம் மறுபடி எட்டிப் பார்க்கும். ‘வர்றவங்க போற வரைக்கும் தாங்குனா போதும்டா’ என்பார் சிரித்துக்கொண்டே. பெயிண்டை நன்றாக அறிந்த மனிதர். அதனிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை நானும் அதைத்தான் செய்யப் போனேன். சுவருக்கு அல்ல... படகுக்கு.

ஆமாம், படகு. பதினாலு அடி நீளம், ஃபைபர் உடம்பு, ஒரு பாய்மரம், இரண்டு பேர் உட்காரலாம். மோட்டார் கிடையாது. கடலே இல்லாத ஊரில் உனக்கு எதுக்கய்யா பாய்மரம் என்று கேட்பீர்கள். ஹுசேன் சாகர் ஏரி இருக்கிறதே. ஜூலை மாதத்தில் அதன் மேல் ஒரு காற்று வரும் பாருங்கள் – மேற்கிலிருந்து, ஈரமாக, யாரையோ தேடிக்கொண்டு வருகிற மாதிரி. அந்தக் காற்றுக்காகவே வருஷம் பூராவும் காத்திருப்பவர்கள் இந்த ஊரில் உண்டு.

என் மகள் மீரா அவர்களில் ஒருத்தி. கல்லூரி நாட்களில் ஏரிக்கரை கிளப்பில் பாய்மரம் கற்றுக்கொண்டாள். இப்போது பெங்களூருவில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூலை கடைசியில் கிளம்ப வேண்டும்.

படகு அவளுக்காக என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிற உங்களிடம் பொய் சொல்ல முடியாது. எனக்காகத்தான் வாங்கினேன். அவள் சுக்கான் பிடிக்க, நான் எதிரே சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பேச்சில்லாமல். இருபத்திரண்டு வருஷத்தில் அவளும் நானும் மட்டும் உட்கார்ந்த நேரம் எவ்வளவு என்று யோசித்தால் பயமாக இருக்கிறது. நான் எப்போதும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தேன் – கூட்டத்துக்கு, ஊருக்கு, அடுத்த வரிக்கு.

கையில் இருந்தது நாலு ஞாயிறு.

குஷாய்குடாவில் வசந்தா அக்காவிடம் வாங்கிய பழைய படகு அது. அறுபதைத் தாண்டியவர். பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படகு அவருடைய கணவருடையது. கணவர் போன வருஷம் இறந்துவிட்டார். வாசலில் படகு கவிழ்ந்து கிடந்தது. அடிப்பாகம் முழுக்கப் பளபளவென்று பச்சை.

உனக்குச் சந்தேகம் வரவில்லையா என்று மீரா அப்போதே என் காதைக் கடித்தாள். “அப்பா, ஓல்ட் போட்டுக்கு ஃப்ரெஷ் பெயிண்ட்... நீகு டவுட் ராலேதா? ஆன்ட்டிய கேளு.”

நான் தமிழில் பேசினால் அவள் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பதில் சொல்வாள். வாய்க்கு வந்தால் தமிழ். எங்கள் வீட்டு வழக்கம் அது.

நான் கேட்கவில்லை. புதுப் பெயிண்ட் வாசனை எனக்கும்தான் வந்தது. கேட்டால் ஒரு பதில் வரும். பதில் வந்தால் படகு வராமல் போகலாம். இதுதான் கணக்கு.

படகு போர்ட்டிகோவுக்கு வந்தது. கார் தெருவுக்குப் போனது. “காரு நனையுது, படகு நனையாம நிக்குது. நல்ல குடும்பம்” என்றாள் மனைவி. எதிர்வீட்டு ரெட்டிகாரு மாடியிலிருந்து நிதானமாகக் கேட்டார். “வரதலு ஒஸ்துன்னாயா சார்?” வெள்ளம் வரப்போகிறதா என்று.

திங்கட்கிழமை படகை அப்படியே கவிழ்த்து வைத்துக் கழுவினோம். குழாய்த் தண்ணீர் பட்டதுமே அடியில் ஓரிடத்தில் பச்சை உரிந்தது. உரிந்த விதம்தான் விசித்திரம். திட்டுத் திட்டாக இல்லை. ஒரு வளையம். சாப்பாட்டுத் தட்டின் விளிம்பு மாதிரி, காம்பஸ் வைத்து இழுத்தாற்போல, அடியில் சிவப்பாக ஏதோ கறை.

மீரா குனிந்து விரலை ஓட்டிப் பார்த்தாள்.

“பெயிண்ட் எங்கயாவது சர்க்கிளா உரியுமா? சென்ஸ் லேது அப்பா. மொத்தமும் சுரண்டி அடியில என்னன்னு பாக்கணும்.”

“மொத்தமும் சுரண்டினா எத்தனை நாளாகும்?”

“சுரண்டி, தேய்ச்சு, காய வெச்சு... மழை வேற. டூ வீக்ஸ்.”

இரண்டு வாரம். நாலில் இரண்டு ஞாயிறு போச்சு. உள்ளே ஏதாவது கோளாறு இருந்தால் மூன்றாவதும் போகும்.

“அதுக்கு மேலயே ஒரு கோட் அடிச்சிட்டா?”

அவள் என்னைப் பார்த்தாள். “ஒரு கமா போட த்ரீ டேஸ் தீஸ்குண்டாவு. படகுக்கு மட்டும் ஒன் கோட்டா?” எழுதும்போது ஒரு கமாவுக்கு மூன்று நாள் எடுத்துக்கொள்கிறவன் நான்.

செவ்வாய்க்கிழமை வசந்தா அக்காவிடமிருந்து போன்.

“தம்பி, படகைத் தண்ணியில எறக்கிட்டீங்களா?”

“இன்னும் இல்லக்கா.”

“சரி.” வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை மறுபடியும். “எறக்கிட்டீங்களா?”

“ஞாயித்துக்கிழமை எறக்கறோம்க்கா.”

அவருக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

“கூட யாரு வர்றா?”

“என் மகதான்.”

“...சரி.”

கணவரின் படகைப் பிரிந்த ஏக்கம் என்று முடிவுகட்டினேன். அதை வைத்து ஒரு பத்தி எழுதலாம் என்றுகூடத் தோன்றியது. மனசுக்குள் முதல் வரியும் ஓடிவிட்டது. இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு இது ஒரு வியாதி. பக்கத்தில் ஒருவர் தவித்துக்கொண்டிருப்பார் – நாம் அவருக்கு உவமை தேடிக்கொண்டிருப்போம்.

சனிக்கிழமை வந்தது. அதே பச்சையில் ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தேன். கடைக்காரர் அதை ‘கேட் பெயிண்ட்’ என்றார். அப்போதுதான் பொறி தட்டியது, இது எங்கே பார்த்த பச்சை என்று. வசந்தா அக்கா வீட்டு இரும்பு கேட்டின் பச்சை. தட்டிய பொறியை அணைத்துவிட்டேன். மீரா படகின் அந்தப் பக்கம் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, பிடிக்காத சினிமா பார்க்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

தின்னர் ஊற்றிக் கலக்கினேன். அப்பா வந்துவிட்டுப் போனார். பிரஷ்ஷை முக்கி எடுத்தேன்.

கேட் தாழ்ப்பாள் சத்தம்.

வசந்தா அக்கா. ஷேர் ஆட்டோவில் வந்திருக்கிறார். மடக்கின குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ‘வாங்கக்கா’ என்றேன். காதில் விழவில்லை. நேராகப் படகுக்குப் போனார். வளையத்தைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

“பிரஷ்ஷக் கீழ வைங்க தம்பி.”

வைத்தேன்.

கைப்பையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்தார். பழைய, தடித்த நாணயம். படகின் முனையில் ஆரம்பித்தார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, ஒரே அளவு இடைவெளியில், ஒரே அளவு அழுத்தத்தில் தட்டிக்கொண்டே வந்தார். டக். டக். டக். மழை நின்றிருந்தது. தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். அவர் நிறுத்தவில்லை. டக். டக். வளையத்துக்குள் வந்தது நாணயம்.

டொப்.

இன்னொரு முறை. டொப். ஊறிப்போன அட்டையைத் தட்டுகிற சத்தம். எந்தப் பயிற்சியும் இல்லாத என் காதுக்கே தெரிந்தது.

“உள்ள கீறல் இருக்கு. ஒரு ஜாண் நீளம். படித்துறைக் கல்லுல இடிச்சது” என்றார். குரலில் எதுவும் இல்லை. ரிப்போர்ட் வாசிக்கிற குரல். “நான்தான் கண்டுபிடிச்சேன். நான்தான் வட்டம் போட்டேன். செவப்பு மெழுகு பென்சில். மெழுகு மேல பெயிண்ட் ஒட்டாது... அது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் அடிச்சேன்.”

“நீங்களேவா?”

“ஹவ், ஆமா. நானே.”

நாற்காலி கொண்டுவந்து போட்டேன். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

முப்பது வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் கணவர் ஏரிக்குப் போவாராம். ஒவ்வொரு ஞாயிறும் இவரைக் கூப்பிடுவாராம். தண்ணீர் என்றால் பயம். ஒரு தடவைகூட இவர் போனதில்லை. ஆனால் வருஷா வருஷம் மழைக்கு முன்னால் அவர் படகைக் கவிழ்த்துப் போட்டு, இந்த நாணயத்தைக் கொண்டுவந்து கையில் கொடுப்பாராம். ‘வா, வந்து ஒன் ஆபீஸ் வேலையப் பாரு.’ இவர் தட்டிப் பார்ப்பார். டொப்பென்றால் வட்டம். அவர் சரிசெய்வார். மறுபடி தட்டிப் பார்த்து வட்டத்துக்குள் டிக் மார்க். டிக் விழாமல் படகு வாசலைத் தாண்டாது.

“போன வருஷம் இந்த வட்டத்தப் போட்டேன். ‘இந்த வாரம் பண்ணிடறேன்’னார். அந்த வாரமே ஆஸ்பத்திரி. திரும்பி வரல.”

நாணயத்தைப் பைக்குள் போட்டார். மறுபடி வெளியே எடுத்தார்.

“தெனம் காலையில கோலம் போட வாசலுக்கு வந்தா அந்த வட்டம் என்னையவே பாக்கும். ரிப்பேர் பண்ண ஆளில்ல. டிக் போடவும் முடியாது. ஒரு நா கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தான். டப்பாவுல மிச்சம் இருந்துச்சு. அவன் போனப்புறம் எடுத்து அடிச்சிட்டேன். யாரையும் ஏமாத்தணும்னு இல்ல தம்பி. எனக்கு அதப் பாக்காம இருந்தாப் போதும்னு இருந்துச்சு. அப்புறம் நீங்க வந்தீங்க. நீங்க கேக்கல. நானும் சொல்லல.”

தொழிற்சாலையில் முப்பது வருஷத்தில் அவருடைய வட்டத்தைத் தாண்டி ஒரு சர்க்யூட் போர்டு வெளியே போனதில்லை. அதையும் சொன்னார். பெருமையாக அல்ல. குற்றப்பத்திரிகையில் இன்னொரு வரியாக.

மீரா கேட்டாள். “நடு ஏரியில காத்து ஸ்ட்ராங்கா இருக்கும்போது அது ஓப்பன் ஆகியிருந்தா ஆன்ட்டி?”

கூர்மையான கேள்வி. நான் அவளை அதட்ட வாயெடுத்தேன். வசந்தா அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

“ஹவ்மா. மகள்னு ஒங்க அப்பா சொன்னதுலேர்ந்து நான் தூங்கல.”

பிரஷ்ஷிலிருந்து பச்சை தரையில் வழிந்துகொண்டிருந்தது.

மீராவே மறுபடி பேசினாள். மெதுவாக. “எங்க அப்பாவும் கேக்கல ஆன்ட்டி. நான் கேக்கச் சொன்னேன்.”

அந்த ஒரு வாக்கியத்தில் அவள் குற்றத்தைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டாள். என் பங்கை நான் வாங்கிக்கொண்டேன். மறுக்க என்ன இருக்கிறது? மறைத்தவர் ஒரு தடவை மறைத்தார். அந்த வளையம் தானாக வெளியே வந்து நின்ற பிறகும், விஷயம் அரைகுறையாகப் புரிந்த பிறகும், கையில் பிரஷ்ஷோடு நின்றது நான். யாரை அந்தப் படகில் ஏற்ற? என் பெண்ணை.

அப்பா அடித்தது சுவருக்கு. சுவர் யாரையும் மூழ்கடிக்காது.

யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில், உறவுகளில், உடம்பில் எத்தனை வளையங்கள்... டாக்டரிடம் சொல்லாத வலி. மகனிடம் கேட்காத கேள்வி. தட்டிப் பார்த்தால் ‘டொப்’ என்று கேட்டுவிடுமே என்று தட்டாமலே கடந்து போகிற இடங்கள். பண்டிகைக்குப் பண்டிகை ஒரு கோட். மெழுகு மட்டும் அடியில் அப்படியே இருக்கும். அதன் மேல் எதுவும் ஒட்டாது.

டப்பாவை மூடினேன்.

“நாலு ஞாயிறுல ரெண்டு போயிடும்” என்றேன் மீராவிடம்.

“மூணு” என்றாள். “ஒட்டுப் போடுற ரெசின் மழையில காயாது.” ஏற்கெனவே சுரண்டியைக் கையில் எடுத்திருந்தாள்.

மூன்று பேரும் சுரண்டினோம். வசந்தா அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எங்கள் இரண்டு பேரைவிட வேகமாகச் சுரண்டினார். தான் அடித்த பெயிண்டைத் தானே எடுக்கிறவரின் வேகம் அது. பச்சை சுருள் சுருளாக உதிர்ந்தது. அடியில் மங்கின வெள்ளை. அதன் நடுவே சிவப்பு வட்டம், முழுசாக, ஒரு வருஷமாகியும் கலையாமல். பக்கத்தில் ஓர் அம்புக்குறி. மயிரிழை மாதிரி ஒரு கோடு. அதுதான் கீறல்.

அவர் அந்த வட்டத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்க் கை கழுவிக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். நன்றியும் மன்னிப்பும் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

அதற்கப்புறம் மழையும் ரெசினும் நாங்களும். கீறலைத் தேய்த்துத் திறந்தோம். உள்ளே ஈரம். அது காய்வதற்கே ஒரு வாரம். தார்பாலின் கட்டி, அதற்குள் மனைவியின் ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு பக்கம், மீரா ஒரு பக்கம். ஃபைபர் துணியை அடுக்கடுக்காக வைத்து ரெசின் பூசினோம். முதல் ஞாயிறு போனது. இரண்டாவது போனது. மூன்றாவதும் போனது. ஏரியின் மேல் காற்று தன்பாட்டுக்கு வீசியிருக்கும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தார்பாலினுக்குள் இரண்டு பேர்தான் உட்கார முடியும். எதிரெதிரே. பேச்சில்லாமல்.

நேற்று, வெள்ளிக்கிழமை, வசந்தா அக்கா வந்தார். அதே நாணயம். முனையில் ஆரம்பித்தார். அவசரமே இல்லை. ஒட்டுப் போட்ட இடத்துக்கு நேராக வராமல் சுற்றிச் சுற்றி வந்தார். மீரா நகத்தைக் கடித்தாள். இன்ஜினீயரிங் ரிசல்ட்டுக்குக்கூட அவள் நகம் கடித்து நான் பார்த்ததில்லை.

டக். டக். டக். வட்டத்துக்குள்... டக்.

மறுபடி. டக். காதைப் படகில் வைத்து இன்னொரு தடவை. டக்.

பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். ஒட்டைச் சுற்றிப் புதுசாக ஒரு வட்டம். அதற்குள் ஒரு டிக். கீழே தேதி, இனிஷியல். டிக் நேராக விழுந்தது.

“பாஸா ஆன்ட்டி?”

“பாஸ்.”

“இப்ப மேல பெயிண்ட் அடிக்கலாமாக்கா?” என்றேன். ஒட்டு சாம்பல் நிறத்தில் அசிங்கமாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. பழக்கதோஷம்.

“எதுக்கு? ராப்பகலா தண்ணியிலயே கெடக்குற படகுக்குத்தான் அடியில பெயிண்ட். ஒங்களது கரையில நிக்கப்போவுது. ஓட்டிட்டு வந்து கழுவிக் கவுத்து வைங்க, போதும். நாளைக்கி ஒண்ணு ஆச்சுன்னா கண்ணுல படணும்ல.”

“பாக்க நல்லாவே இல்லியேக்கா.”

“நக்கோ தம்பி. பெயிண்ட் போதும்.”

இப்படியாக, பெயிண்ட் அடிப்பதா வேண்டாமா என்கிற என் ஒரு மாதப் பிரச்சினை ‘நக்கோ’, வேண்டாம் என்கிற ஒரே வார்த்தையில் முடிந்தது.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட நடந்தேன். ஷேர் ஆட்டோ ஒன்றும் காலியாக வரவில்லை. தூறல். அவர் குடையை என் பக்கமும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்திருந்தார். நடுவில் ஒரே நாள், அப்புறம் ஞாயிறு. கையில் இருப்பது அந்த ஒன்றே ஒன்று. அடுத்த வியாழன் மீராவுக்கு ரயில்.

கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, இந்தத் தடவை கேட்டுவிட்டேன்.

“ஞாயித்துக்கிழமை ஏரிக்கு வாங்கக்கா.”

பஸ் வந்து நின்றது. படியில் ஏறினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

“வர்றேன். படகுல ஏறமாட்டேன். கரையில நிக்கறேன். நீங்க ரெண்டு பேரும் திரும்பி வந்ததும் கவுத்துக் காட்டணும்.”